திடீரென்று சுருங்கிய நுரையீரல்: பொறுத்திருப்பதா, குழாய் போடுவதா, ஆபரேஷனா?

மும்பையில் நெஞ்சு நோய் வார்டு ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். தாராவி, சயான், செம்பூர் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல்வதும் நாளடைவில் என் வேலையாகிவிட்டது. அப்படிச் சொல்லும்போது குடும்பங்கள் மிகவும் குழம்பி நிற்கும் ஒரு இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பையன். அடிபடவில்லை, விழவில்லை. நெஞ்சுக்குள் காற்று கசிந்து ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது என்கிறார் டாக்டர். சும்மா விட்டுக் கவனிக்கலாம், ஊசியால் காற்றை இழுக்கலாம், குழாய் போடலாம், ஆபரேஷன் செய்யலாம் என்று வழிகளையும் சொல்கிறார். எதற்குத் தலையாட்டுவது?

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேயில் எவ்வளவு சுருங்கித் தெரிகிறது என்பதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. ஆள் இப்போது எப்படி இருக்கிறார், அவருடைய நுரையீரல் இதற்கு முன் எப்படி இருந்தது, நடுராத்திரியில் மூச்சு முட்டினால் எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரி வந்து சேர முடியும் என்கிற மூன்றும்தான் முக்கியம். மூன்றாவது கேள்வியை டாக்டர் கேட்காமல் போகலாம். நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

முதலில், இது அதுதானா?

நுரையீரலை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தில் இன்னொரு உறை. ஈரமான இரண்டு பாலிதீன் தாள் ஒட்டிக்கொள்வதுபோல இவை ஒட்டிக்கொண்டு இருப்பதால்தான் நுரையீரல் விரிந்தபடி நிற்கிறது. சிலருக்கு நுரையீரலின் உச்சியில் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். அதில் ஒன்று வெடித்தால் காற்று இரண்டு உறைகளுக்கும் நடுவே புகுந்து, நுரையீரல் தன் இழுவிசையால் தானே சுருங்கிவிடும். நியூமோதோராக்ஸ் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதுவது இதைத்தான்.

பெரும்பாலும் உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கு வருகிறது. புகைப் பழக்கம் இருந்தால் ஆபத்து பல மடங்கு. புகைக்கிற ஆண்களுக்கு வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு 100க்கு 12 என்றும், புகைக்காதவர்களுக்கு 1000க்கு 1 என்றும் பிரிட்டிஷ் மார்பு நோய்ச் சங்கத்தின் 2010 வழிகாட்டி குறிப்பிடுகிறது. கஞ்சாப் புகையும் இதில் சேர்த்திதான். பெண்களுக்கு மாதவிலக்கு தொடங்கிய இரண்டு மூன்று நாளுக்குள், அதிகமாக வலது பக்கத்தில், இதே மாதிரி வருவதுண்டு. கருப்பையின் உட்படலத் திசு உதரவிதானத்திலோ நெஞ்சிலோ படிந்திருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். வலி வந்த தேதியையும் மாதவிலக்குத் தேதியையும் சேர்த்துச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே எழும். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வலி திடீரென்று, ஒரு பக்கமாக, குத்துவதுபோல வரும். மூச்சை ஆழமாக இழுத்தால் கூடும். தோள்பட்டைக்கும் ஏறும். கூடவே மூச்சு வாங்கும், சிலருக்கு வறட்டு இருமல் இருக்கும். பாரம் தூக்கும்போதுதான் வரும் என்று நினைக்காதீர்கள், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பலருக்கு வருகிறது.

நம் வீடுகளில் இதற்கு முதலில் கிடைக்கும் பெயர் மூச்சுப் பிடிப்பு, இல்லாவிட்டால் வாய்வு. ஓமத் தண்ணீர், பெருங்காயம், தைலம், அப்புறம் பக்கத்து மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை. சுளுக்கு வழிக்கிறவரிடம் போய் முதுகை அழுத்தித் தேய்த்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், ஒரு நாளில் வலி தானாகவே குறைந்துவிடும். நுரையீரல் சுருங்கியபடியே இருக்கும், வலி மட்டும் போய்விடும். தைலம் கேட்டது என்று நம்பி வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து நாள் கழித்து மாடிப்படி ஏற முடியவில்லை என்று வருவார்கள். இளவயதுக்காரருக்குத் திடீரென ஒரு பக்க நெஞ்சுவலி வந்து மூச்சும் வாங்கினால் அன்றைக்கே ஒரு எக்ஸ்ரே, ஒரு இசிஜி. எக்ஸ்ரே இதைக் காட்டும், இசிஜி மாரடைப்பா என்று பார்க்கும். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரே என்றால் நல்லது, படுத்தபடி எடுத்ததில் காற்று முன்பக்கம் ஒதுங்கிக் கண்ணுக்குத் தப்பிவிடலாம். சுருங்கிய பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அதற்கு வெளியே ரத்தக் குழாய்களின் நிழல் எதுவும் இல்லாமல் வெறும் கறுப்பாக இருக்கும்.

ஒப்பிட நேரமே இல்லாத நிலை ஒன்று உண்டு. மூச்சுத் திணறல் நிமிஷத்துக்கு நிமிஷம் கூடுவது, உதடு நீலம் பாய்வது, வியர்த்துக் கொட்டுவது, கழுத்து நரம்பு புடைப்பது, ரத்த அழுத்தம் விழுவது. உள்ளே போகிற காற்று வெளியே வர வழியில்லாமல் அழுத்தம் ஏறி இதயத்தையே நெருக்குகிறது என்று அர்த்தம். அங்கே எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்காமல் டாக்டர் நேராக ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றுவார், பிறகு குழாய் போடுவார். வீட்டில் இப்படி ஆனால் 108ஐக் கூப்பிடுங்கள். டாக்ஸி சீக்கிரம் கிடைத்தால் அதிலேயே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பழக்கமான டாக்டர் இருக்கும் தூரத்து ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்.

இரண்டு வகை ஆட்கள், இரண்டு கணக்கு

மேலே சொன்ன இளைஞருக்கு நுரையீரலின் மற்ற பாகமெல்லாம் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் காசநோய் இருப்பவர், இருந்து குணமானவர், வருஷக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் தேய்ந்துபோன ஐம்பது அறுபது வயதுக்காரர் இவர்களுக்குக் கணக்கே வேறு. இளைஞர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அதே அளவு காற்று இவர்களை ஐசியுவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இவர்கள் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். அட்மிட் ஆக வேண்டும், பெரும்பாலும் குழாயும் வேண்டியிருக்கும்.

இவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பீடியால் தேய்ந்த நுரையீரலில் உண்டாகும் பெரிய காற்றுப் பை, எக்ஸ்ரேயில் கசிந்த காற்று மாதிரியே தெரியும். அதைக் காற்றுக் கசிவு என்று நினைத்துக் குழாயைச் செருகினால் கசியாத நுரையீரலில் நாமே ஓட்டை போட்டதாகிவிடும். ஆள் நிதானமாக இருக்கிறார், படம் சந்தேகமாக இருக்கிறது என்றால் முதலில் சிடி ஸ்கேன். கூடவே சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். காசநோய்தான் காரணம் என்றால் குழாய் மட்டும் போட்டுப் பயனில்லை, மருந்தும் தொடங்க வேண்டும். அரசுத் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

இனி வருவதெல்லாம் முதல் வகை ஆட்களுக்கு, அதுவும் முதல் தடவை வந்தவர்களுக்கு.

பொறுத்திருப்பது

குடும்பங்கள் நம்ப மறுக்கும் வழி இதுதான். "ஏம்மா, கொழாயப் போட்டா சட்டுனு சரியாயிரும்லா? போட்டுருங்களேன்" என்று திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது, ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்கிற தவிப்பு எந்தத் தாய்க்கும் வரும். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

வெடித்த கொப்புளம் பெரும்பாலும் தானாகவே அடைபட்டுவிடும். உள்ளே தங்கிய காற்றை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாளைக்கு அந்தப் பக்க நெஞ்சின் கொள்ளளவில் 1.25 முதல் 2.2 சதவீதம்வரை என்பது கணக்கு. பாதி சுருங்கியிருந்தால் முழுதாக விரிய மூன்று வாரம் முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். நல்ல மருந்துகள் வராத காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சையாக வேண்டுமென்றே நெஞ்சில் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருக்கி வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி கொண்டுவந்த முறை அது. ஏற்றிய காற்றை உடம்பு உறிஞ்சிவிடுவதால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு நுரையீரல் சுருங்கிய நிலையில் அந்த நோயாளிகள் மாதக்கணக்கில் நடமாடினார்கள்.

பொறுத்திருப்பதை முறையாகச் சோதித்த ஆய்வு 2020ல் வெளிவந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆஸ்பத்திரிகளில் 14 முதல் 50 வயதுவரையான 316 பேர், எல்லோருக்கும் நடுத்தரமாகவோ அதிகமாகவோ நுரையீரல் சுருங்கியிருந்தது. பாதிப்பேருக்குக் குழாய், மீதிப் பேரைக் கவனித்தபடி விட்டுவிட்டார்கள். எட்டு வாரத்தில் நுரையீரல் விரிந்தது குழாய் போட்டவர்களில் 98.5 சதவீதம், போடாதவர்களில் 94.4 சதவீதம். போடாமல் விட்டவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குக் கடைசிவரை குழாய் தேவைப்படவே இல்லை. ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்தது குழாய்க்காரர்களில் 16.8 சதவீதம், மற்றவர்களில் 8.8 சதவீதம். சிலர் பரிசோதனைக்குத் திரும்பி வராததால் நுரையீரல் விரிந்ததற்கான அந்த இரண்டு எண்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள முடியாது. என்றாலும் பொறுத்திருப்பது அலட்சியம் அல்ல, அதுவும் ஒரு சிகிச்சைதான் என்று சொல்ல இது போதும். எக்ஸ்ரேயில் 2 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் காற்றை எடுக்கப் பார் என்று சொல்லி வந்த பிரிட்டிஷ் வழிகாட்டியும் 2023ல் மாறி, தொந்தரவு அதிகம் இல்லாவிட்டால் அளவு எதுவானாலும் பொறுத்திருக்கலாம் என்கிறது.

அந்த ஆய்விலும் படத்தைப் பார்த்த கையோடு யாரையும் அனுப்பவில்லை. குறைந்தது நான்கு மணி நேரம் வைத்திருந்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்து, ஆக்சிஜன் இல்லாமல் சிரமமின்றி நடக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மும்பைக்காரர்கள் இந்த இடத்தில்தான் இன்னும் ஒரு கணக்குப் போட வேண்டும். தாராவியில் கூட்டுக் குடும்பமாக இருக்கிற பையனுக்கு சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் இருக்கிறார்கள். அவன் தாராளமாகக் காத்திருக்கலாம். அதே அளவு சுருங்கிய நுரையீரலோடு, வெகு தூரத்தில் வடகோடிப் புறநகரான விராரில் தனி அறையில் தங்கி, ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பையன் காத்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூலை மாதம் பெருமழையில் தண்டவாளம் முங்கி லோக்கல் ரயில் நின்றுபோனால் அவன் எப்படி வருவான்? அவனுக்கு என் யோசனை, முதல் ஒரு வாரமாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கு, தங்க இடமில்லை என்றால் காற்றை எடுக்கும் வழிக்குச் சம்மதித்துவிடு என்பதுதான். மருத்துவப் புத்தகத்தில் இரண்டு பேரும் ஒரே கேஸ். வாழ்க்கையில் அப்படி இல்லை.

காத்திருக்கும் நாட்களில் பலூன் ஊதினால் நுரையீரல் விரியும் என்று யாராவது சொல்வார்கள். குழாய் இல்லாத நிலையில் டாக்டர் சொல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம். சாதாரணமாக நடக்கலாம், வலிக்கு மாத்திரை போடலாம், வரச் சொன்ன நாளில் எக்ஸ்ரேக்குத் தவறாமல் போகலாம். அவ்வளவு போதும்.

ஊசியால் இழுப்பது

மரத்துப்போகும் ஊசி போட்டு, கானுலா என்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழலைச் செருகி, பெரிய சிரிஞ்சால் காற்றை இழுப்பார்கள். பாதிப்பேருக்குமேல் இதிலேயே தீர்ந்து அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். 2.5 லிட்டர் இழுத்த பிறகும் காற்று வந்துகொண்டே இருந்தால் கசிவு அடைபடவில்லை என்று பொருள், அடுத்தது குழாய்தான். மூச்சு வாங்குகிறது, ஆனால் நிலைமை மோசமில்லை என்கிறவருக்கு நல்ல நடுவழி. நம் ஊர்களில் இதை முயலாமலே நேராகக் குழாய்க்குப் போய்விடுகிற பழக்கம் இருக்கிறது. "முதலில் ஊசியால் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

குழாயும் பாட்டிலும்

மூச்சு நன்றாகவே வாங்குகிறது, ஊசியால் தீரவில்லை, இரண்டு பக்கமும் வந்துவிட்டது, காற்றோடு ரத்தமும் சேர்ந்திருக்கிறது என்றால் யோசிக்க வேண்டாம், குழாய்தான். அக்குளுக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவே மரக்க வைத்துச் செருகுவார்கள். வெறும் காற்றுக்கு 8 முதல் 14 பிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) உள்ள மெல்லிய குழாயே பெரும்பாலும் போதும். வலியும் குறைவு. 28, 32 என்கிற தடித்த குழாயை எடுத்தால் ஏன் என்று கேளுங்கள். ரத்தம் இருந்தாலோ கசிவு அதிகம் என்றாலோ அதற்குக் காரணம் உண்டு, டாக்டர் சொல்வார்.

குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில் தண்ணீருக்குள் இரண்டு செ.மீ. முங்கியிருக்கும். காற்று குமிழாக வெளியே வரும், திரும்ப உள்ளே போக முடியாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் அந்தப் பாட்டிலைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மூச்சோடு தண்ணீர் மட்டம் ஏறி இறங்கினால் குழாய் வேலை செய்கிறது. இருமும்போது குமிழ் வந்தால் கசிவு இன்னும் அடைபடவில்லை. குமிழ் நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரலும் விரிந்திருந்தால் குழாயை எடுக்கும் நேரம் நெருங்குகிறது. குமிழும் இல்லை, மட்டமும் அசையவில்லை, ஆளுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் குழாய் மடங்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம். உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

தரை அழுக்காக இருக்கிறதே என்று பாட்டிலை எடுத்துக் கட்டில்மேல் பேரன் பக்கத்தில் வைத்த பாட்டியைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்ததுதான். ஆனால் பாட்டில் நெஞ்சுக்கு மேலே போனால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பும். எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அப்படித்தான். குமிழ் வருகிற குழாயை வழியில் யாரும் கிளாம்ப் போட்டு அடைக்கக் கூடாது, அடைத்தால் காற்று உள்ளேயே தேங்கி அழுத்தம் ஏறிவிடும். வலிக்கிறது என்று கையை மடக்கிக்கொண்டு படுத்தே கிடந்தால் தோள் இறுகி, சளியும் கட்டும். வலி மாத்திரை போட்ட அரைமணி நேரத்தில் கையைத் தலைக்குமேல் தூக்கவும், மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை இழுக்கவும் சொல்வோம். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நடக்கவும் வைப்போம்.

பல நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரலை ஒரேயடியாக உறிஞ்சி விரித்தால் அதில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. வலி தொடங்கிய நாளைச் சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்பது அதனால்தான்.

பாட்டிலுக்குப் பதில் ஒருவழி வால்வு மாட்டி வீட்டுக்கு அனுப்பும் முறையும் உண்டு. பிரிட்டனில் 236 பேரிடம் நடந்த, 2020ல் வெளியான ஆய்வில் சாதாரணக் குழாய்க்காரர்கள் நடுவாக நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், வால்வுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கவே இல்லை. ஆனால் வால்வு கோளாறு, குழாய் கழன்றுபோவது போன்ற தொல்லைகள் அவர்களுக்குத்தான் அதிகம். விராரிலிருந்து கூட்ட நேர லோக்கலில் நெஞ்சில் குழாயோடு வந்துபோவதை நினைத்துப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் நான் இதைச் சொல்வேன்.

ஆபரேஷன்

முதல் தடவை வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது, பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே. அப்படியானால் முதல் தடவையே ஆபரேஷன் செய்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். மூன்றில் இரண்டு பேருக்குத் தேவையே படாத ஆபரேஷன் அது. ஆகவே பொதுவாக வேண்டாம். குமிழ் ஐந்து நாளுக்குமேல் நிற்காமல் வந்தாலோ, அதே பக்கம் இரண்டாம் தடவை வந்தாலோ, முன்பு ஒரு பக்கம் வந்து இப்போது மறுபக்கம் வந்தாலோ, ரத்தக் கசிவு இருந்தாலோ சர்ஜனைப் பார்க்க வேண்டும். விமானி, ஆழ்கடலில் மூழ்குபவர் போன்றவர்களுக்கு முதல் தடவையே யோசிக்கலாம். இரண்டாவது தடவையும் வெறும் குழாயோடு அனுப்பிவிட்டால் காரணம் கேளுங்கள்.

இப்போது பெரும்பாலும் வாட்ஸ் என்கிற கேமரா வழி ஆபரேஷன்தான். சின்னத் துளைகள் வழியாகக் கொப்புளத்தை ஸ்டேப்லரால் வெட்டி மூடிவிட்டு, இரண்டு உறைகளும் ஒட்டிக்கொள்ளும்படி உட்புறத்தைச் சுரண்டியோ டால்க் என்கிற மருத்துவப் பவுடரைத் தூவியோ விடுவார்கள். அதற்குப் பிறகு திரும்ப வருவது 100க்கு ஏறக்குறைய 5. நெஞ்சைத் திறந்து செய்தால் 1 அளவுக்குக் குறையும், ஆனால் வலியும் படுக்கை நாளும் கூடும். இளவயதுக்காரருக்குக் கேமரா வழியே போதும் என்பது என் எண்ணம். ஆபரேஷன் தாங்காத வயதானவர்களுக்குக் குழாய் வழியாகவே டால்க், டாக்சிசைக்ளின், போவிடோன் அயோடின் போன்றவற்றைச் செலுத்தி ஒட்டவைக்கலாம். வலிக்கும், பலனும் ஆபரேஷன் அளவுக்கு இருக்காது.

செலவைப் பொறுத்தவரை, மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் உள்ள வித்தியாசம் குழாயைவிட ஆபரேஷனில்தான் பெரிதாகத் தெரியும். தனியாரில் எஸ்டிமேட் வாங்கும்போது ஸ்டேப்லரும் அதன் கார்ட்ரிட்ஜும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பில்லைத் திடீரென ஏற்றுவது அதுதான். மகாராஷ்டிர அரசின் மருத்துவ உதவித் திட்டமான மகாத்மா புலே ஜன் ஆரோக்கியத் திட்டத்தில் செய்ய முடியுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

ஊருக்குப் போவது

எல்லாம் முடிந்ததும் அம்மாக்கள் கேட்கும் கேள்வி, "ஊருக்குக் கூட்டிட்டுப் போலாமா?" காற்று உள்ளே இருக்கும்வரை விமானம் கூடவே கூடாது. கேபினுக்குள் அழுத்தம் குறைவதால் நெஞ்சில் அடைபட்ட காற்று விரியும், நடுவானில் குழாய் போட ஆளில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்தது உறுதியான பிறகும் குறைந்தது ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ரயிலில் அழுத்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால் சோலாப்பூர், குண்டக்கல் என்று ஒன்றரை நாள், நடுராத்திரியில் மூச்சு முட்டினால் அடுத்த ஸ்டேஷன் எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே காத்திருக்கும் சிகிச்சையில் இருப்பவர் முதல் சில வாரம் ரயிலும் ஏற வேண்டாம், அம்மா இங்கே வரட்டும். ஆழ்கடல் டைவிங் வாழ்நாள் முழுதும் வேண்டாம், இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆன பிறகு நிபுணர் சொன்னால் ஒழிய. சிகரெட், பீடி, கஞ்சா மூன்றையும் நிறுத்துவது, திரும்ப வராமலிருக்க நோயாளி தன் கையால் செய்யக்கூடிய பெரிய காரியம்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் தாளையும் கடைசி எக்ஸ்ரேயையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தாளில் வலதா இடதா என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வார்டை விட்டுக் கிளம்புங்கள். திரும்ப வந்தால், முன்பு எந்தப் பக்கம் என்பதுதான் அங்கிருக்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.